மேடையில்தான் முழுசாகக் கேட்கும் பேண்டுகள்

ஸ்டுடியோவில் பதிந்ததை விட மேடையில் வாசிக்கும்போது நன்றாக இருக்கிற பேண்டுகள் எவை, அப்படி ஏன் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். கிரேட்ஃபுல் டெட், ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், தி ஹூ, அப்புறம் நம் ஊர்க்காரர்கள் பாதிக்கு மேல் இருந்த சக்தி. இந்த நான்கையும் ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் வைத்து எடைபோட்டால் அவர்கள் செய்ததில் பாதிதான் நமக்குக் கிடைக்கும் என்று அடித்துச் சொல்வேன். இன்னும் சில பெயர்கள் போகிற போக்கில் வரும். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது அந்த "ஏன்" தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக மேடைக்கு சவுண்ட் பார்க்கிற வேலை எனக்கு. சில வருடங்களுக்கு முன் எனக்குப் பழக்கமான நான்கு பையன்கள் ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள், கல்லூரி விழாக்களில் வாசிப்பார்கள். அவர்களுடைய பாட்டு ஒன்றில், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில், டிரம்ஸ் வாசிப்பவனும் பேஸ் கிட்டார் வாசிப்பவனும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்வார்கள். அரை மூச்சு அளவுக்குத் தாமதித்து, இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த அடியில் விழுவார்கள். கூட்டம் கத்துவது சரியாக அந்த இடத்தில்தான். பிறகு ஒரு ஸ்டுடியோவில் அதே பாட்டை ரெக்கார்ட் செய்தார்கள், நானும் கூடப் போயிருந்தேன். முதல் நாள் டிரம்ஸ் மட்டும், காதில் தாளம் காட்டும் க்ளிக் சத்தம் ஓட ஓட. மறுநாள் பேஸ், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு ஸ்டூலில். கிட்டார் வேறொரு நாள். அந்த அரை மூச்சு க்ளிக்கின் கணக்குக்குள் அடங்கவில்லை, எடிட் செய்தவர் அதைப் பிசகு என்று நினைத்து இழுத்து நேராக்கிவிட்டார். பாட்டு சுத்தமாக வந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. கூட்டம் கத்துகிற இடத்தை மட்டும் காணோம்.

நான் சொல்ல வருவது இதுதான். சில பேண்டுகளின் இசை, வாசிப்பவர்கள் அந்த நொடியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்தான் பிறக்கிறது. அவர்களைத் தனித்தனி அறையில், தனித்தனி நாளில் உட்காரவைத்தால் சுரமும் தாளமும் அப்படியே வரும், பேச்சு வராது. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த பேண்ட் மேடையில் பெரிதாகும், எது ஆகாது என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். நல்ல குரல், வேகமான விரல், பெரிய லைட் செட்டிங் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆல்மன் பிரதர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரிலிருந்து இயங்கிய பேண்ட். 1969-இல் ஒரு ஸ்டுடியோ ஆல்பம், 1970-இல் ஒன்று, இரண்டும் பெரிதாக விற்கவில்லை. மேடையில் அவர்களைக் கேட்டவர்களுக்கு மட்டும் அந்த பேண்ட் வேறு ஜாதி என்று தெரிந்திருந்தது. டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் என்று மெட்டை முன்னெடுத்துப் போகும் இரண்டு லீட் கிட்டார்கள். புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என்று இரண்டு டிரம்ஸ். பேஸில் பெர்ரி ஓக்லி, ஆர்கனிலும் பாட்டிலும் டுவேனின் தம்பி கிரெக். இப்படி ஆறு பேர் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது இடம் விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை என்றால் சந்தைக்கடைதான். இவர்களுக்கு அது தெரிந்திருந்தது. 1971 மார்ச் 12, 13 தேதிகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்ததை டாம் டவுட் என்ற தயாரிப்பாளர் பதிவு செய்தார், ஜூலையில் இரட்டை எல்பியாக, அதாவது இரண்டு பெரிய இசைத்தட்டுகளாக, வெளிவந்தது. மொத்தமே ஏழு உருப்படிகள். விற்காத பேண்ட் அந்த ஒரு ஆல்பத்தில் நாடு முழுக்கத் தெரிந்த பேண்ட் ஆனது.

அதில் விப்பிங் போஸ்ட் என்ற பாட்டை முதலில் ஸ்டுடியோ வடிவத்திலும் பிறகு இந்த வடிவத்திலும் கேட்டுப்பாருங்கள். ஸ்டுடியோவில் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஃபில்மோரில் ஏறக்குறைய 23 நிமிடம், எல்பியின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். பாட்டு தொடங்குவதற்கு முன் கூட்டத்திலிருந்து யாரோ பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார், "சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய்" என்கிற மாதிரி டுவேன் பதில் சொல்கிறார், உடனே பேஸ் ஆரம்பிக்கிறது. அந்தத் தொடக்கம் பதினோரு எண்ணிக்கையில் போகும், மூன்று மூன்று மூன்று இரண்டு என்று பிரித்துக்கொண்டால் பிடிபடும், நம் காதுக்கு அது ஒன்றும் புதிதில்லை. பாட்டு பாதி தாண்டியதும் நடக்கிறதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வேகம் குறைந்து, சத்தம் குறைந்து, ஒரு கட்டத்தில் தாளமே கழன்றுவிட்டதோ என்று தோன்றும். கிட்டார் மட்டும் எங்கேயோ அலைந்து, குழந்தைகள் பாடும் ஒரு பிரெஞ்சு மெட்டைத் தொட்டுவிட்டுப் போகும். டிரம்ஸ்காரர்கள் இருவரும் சும்மா இருக்கிறார்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் பெரிய விஷயம். ஸ்டுடியோவில் இப்படி இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காமல் விட எந்தத் தயாரிப்பாளருக்கும் மனசு வராது. பாட்டு முடிந்தும் முடியவில்லை, புட்ச் டிரக்ஸ் டிம்பனி என்ற பெரிய முரசை உருட்ட அடுத்த உருப்படி தொடங்குகிற நேரத்தில் எல்பி தீர்ந்துபோகிறது. அதன் தொடர்ச்சியைக் கேட்க 1972-இல் வந்த அடுத்த ஆல்பம் வரை ஜனங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் டுவேன் இல்லை. 1971 அக்டோபர் 29 அன்று மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார், வயது 24.

தி ஹூ கதை இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அங்கே ஆட்கள் குறைவு. பாடகர் ரோஜர் டால்ட்ரியை விட்டால் வாத்தியம் மூன்றுதான்: பீட் டவுன்ஷெண்ட் கிட்டார், ஜான் என்ட்விசில் பேஸ், கீத் மூன் டிரம்ஸ். ஸ்டுடியோவில் டவுன்ஷெண்ட் ஒரு கிட்டார் மேல் இன்னொரு கிட்டார், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்க முடியும், அடுக்கினார். மேடையில் அது முடியாது. அந்தக் காலியிடத்தை யார் நிரப்புவது? கிட்டார் தடதடவென்று கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) அடித்துக்கொண்டு நிற்க, பேஸ் மேலே ஏறி லீட் மாதிரி ஓடும், மூன் தாளம் பிடிப்பதை விட்டுவிட்டு டால்ட்ரியின் ஒவ்வொரு வரிக்கும் டிரம்ஸில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வழக்கமாக ஒரு பேண்டில் யார் என்ன செய்ய வேண்டுமோ அது தலைகீழ். 1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர் உணவுக்கூடத்தில் வாசித்ததுதான் லைவ் அட் லீட்ஸ். முதலில் வந்த எல்பியில் ஆறே பாட்டுகள், அட்டை வேண்டுமென்றே திருட்டு ரெக்கார்ட் மாதிரி பழுப்புக் காகிதத்தில். டேப்பில் அங்கங்கே சடசடவென்று ஒரு சத்தம் விழுந்திருந்தது, அது பரவாயில்லை, திருத்த வேண்டாம் என்று ரெக்கார்டின் லேபிளிலேயே எழுதிவைத்தார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் குறிப்பு ரொம்பப் பெரிய விஷயம். நாங்கள் இரவு பகலாக உட்கார்ந்து துடைத்து எடுக்கிற சத்தத்தை, கிடக்கட்டும், வாசிப்பு இதுதான் என்று ஒரு பேண்ட் சொல்லியிருக்கிறது.

மறுநாள் ஹல் என்ற ஊரில் வாசித்ததையும் பதிவு செய்தார்கள். அதில் முதல் சில பாட்டுகளுக்கு பேஸ் டேப்பில் ஏறவில்லை என்று ஒதுக்கிவைத்தார்கள், பல காலம் கழித்து லீட்ஸ் பேஸை எடுத்து ஒட்டி வெளியிட்டார்கள். அதையும் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் திரும்பப் போவது லீட்ஸுக்குத்தான்.

சரி, இப்போது கொஞ்சம் காது பற்றி. மேடையில் நன்றாக இருப்பதற்கு வாசிப்பு மட்டும் காரணம் கிடையாது, சத்தத்தின் அளவும் ஒரு காரணம். ஒலி குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிக்குரலும் உச்சக்குரலும் சரியாகக் கேட்காது, நடுவில் இருப்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது பேஸும் டிரம்ஸும் மெலிந்துபோவதும், அதே பாட்டு அரங்கில் நெஞ்சுக்கூட்டில் இடிப்பதும் இதனால்தான். பேஸும் டிரம்ஸும் தூக்கிக்கொண்டு போகிற பேண்டுக்கு மேடையில் இயல்பாகவே ஒரு லாபம். இதோடு சேர்ந்து இன்னொன்று. ரெக்கார்டில் மெதுவான இடத்தைத் தூக்கி, சத்தமான இடத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது வழக்கம், எங்கள் பாஷையில் கம்ப்ரஷன். சிடி காலத்தில் இது எல்லை மீறிப் போனது. மெட்டாலிகாவின் 2008 ஆல்பத்தில் சத்தம் அவ்வளவு இறுகியிருந்ததால், அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் வந்த வடிவம் இதைவிட நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே சொன்னார்கள். மெதுவாகத் தொடங்கி மேலேறுகிற வித்தை தெரிந்த பேண்டை இப்படி மட்டம் தட்டினால் அவர்களிடம் மிச்சம் என்ன இருக்கும்?

இதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போகத் தேவையில்லை, தவில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். வலது கை விரல்களில் மாட்டிய கூடு தோலில் படும்போது வெடிக்கிற ஒலி ஒரு பக்கம், இடது கைக் குச்சி எழுப்பும் கும்மென்ற ஒலி மறுபக்கம், நடுவில் நிற்கிற நம் உடம்பு. கோயில் பிரகாரத்தில் கல்தூணில் பட்டு அது திரும்பி வரும். மைக் வைக்கிறவனுக்கு அது பெரிய சோதனை. பக்கத்தில் வைத்தால் வெடிப்பு மட்டும் ஏறும், தள்ளி வைத்தால் நாதஸ்வரம் விழுங்கிவிடும். கேசட்டுகளில் தவிலைப் பின்னால் தள்ளிவைத்தே பதிந்தார்கள், அதனால் கேசட்டில் மட்டும் மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தவில் என்றால் என்னவென்று பாதிதான் தெரியும்.

இனி கிரேட்ஃபுல் டெட். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் முதலில் சொல்லப்படும் பெயர் இதுதான், காரணத்தோடுதான் சொல்கிறார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறக்கும்வரை முப்பது வருடம் ஓடியது, ஏறக்குறைய 2,300 கச்சேரிகள். இந்த முப்பது வருடத்தில் அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டு ஒன்றே ஒன்று, அதுவும் 1987-இல். ஒரே ஒரு ஹிட்டோடு முப்பது வருடம் அரங்கு நிறைந்தது என்றால் ஜனங்கள் வேறு எதற்கோ வந்தார்கள் என்றுதானே அர்த்தம். இன்றைக்கு என்ன வாசிப்பார்கள், எப்படி வாசிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, வாசிப்பவர்களுக்கே தெரியாது. நம் கச்சேரி ரசிகர்களுக்கு இது உடனே புரியும். அதே கல்யாணி ராகம்தானே, போன வாரம்தானே கேட்டோம் என்று யாரும் வீட்டில் இருந்துவிடுவதில்லை, இன்றைக்கு அது எப்படி வரும் என்று கேட்கத்தான் போகிறோம்.

டார்க் ஸ்டார் என்ற பாட்டு 1968-இல் சிங்கிளாக (ஒரு பாட்டுக்கென்று வரும் சின்ன இசைத்தட்டு) வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அதையே 1969 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில் 23 நிமிடம் வாசித்தார்கள், அந்த வருடம் வந்த லைவ்/டெட் ஆல்பத்தில் முதல் பக்கம் முழுக்க அதுதான். அப்போது புதிதாக வந்திருந்த 16 டிராக் இயந்திரத்தை (பதினாறு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் கருவி) அரங்குக்குத் தூக்கிப்போய்ப் பதிந்தது. சிங்கிளைக் கேட்டால், ஏதோ ஒரு நல்ல சின்னப் பாட்டு, அவ்வளவுதான். லைவ் பதிவில் பாட்டின் வரிகள் எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும், மற்ற நேரமெல்லாம் ஃபில் லெஷின் பேஸ் ஒரு வழியில் போக, கார்சியா அதைப் பின்தொடர்வதா விலகுவதா என்று யோசித்துக்கொண்டே வாசிப்பது காதுக்குத் தெரியும். லெஷ் ராக் பேஸ்காரர்கள் வாசிப்பதுபோல மூல சுரத்தில் நின்று தாங்கிப் பிடிக்க மாட்டார், கார்சியாவோடு சேர்ந்து அலைவார். இரண்டு பேரும் அலைந்தால் தரை எங்கே என்று கேட்பீர்கள். பாப் வியரின் கிட்டார் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கார்ட் வைத்துக்கொண்டே போகும், அதுதான் தரை.

இவர்கள் செய்த இன்னொரு காரியம் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1974-இல் வால் ஆஃப் சவுண்ட் என்று ஒரு ஒலி அமைப்பைக் கட்டினார்கள், அவுஸ்லி ஸ்டான்லி என்பவருடைய யோசனை. சுமார் 600 ஸ்பீக்கர்கள், சுமார் 75 டன் எடை, எல்லாம் பேண்டுக்குப் பின்னால் சுவர் மாதிரி. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஸ்பீக்கர் வரிசை, லெஷின் பேஸில் ஒவ்வொரு கம்பிக்கும்கூடத் தனியாக அனுப்ப முடிந்தது. வழக்கமாக மேடையில் கூட்டத்துக்கு ஒரு ஒலி, வாசிப்பவர்களுக்கு அவர்கள் பக்கம் திருப்பிய மானிட்டர் ஸ்பீக்கரில் வேறொரு ஒலி. இங்கே மானிட்டரே கிடையாது, கூட்டம் என்ன கேட்கிறதோ அதையே அவர்களும் கேட்டார்கள். ஸ்பீக்கர் பின்னால் இருந்தால் பாடுகிற மைக் அந்தச் சத்தத்தையே வாங்கிக் கூவ ஆரம்பிக்குமே? அதற்கு ஒருவருக்கு இரண்டு மைக் கட்டினார்கள், ஒன்றில் மட்டும் பாடுவார்கள், இரண்டிலும் பொதுவாக விழுகிற சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிற மாதிரி இணைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு. செலவு தாங்காமல் அந்த வருடம் அக்டோபரோடு அதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் மேடையில் ஒலி அமைப்பு பேசுகிறவர்கள் அதைப் பேசாமல் இருப்பதில்லை.

ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ளவும் அவர்கள் அனுமதித்தார்கள், 1984 முதல் டேப் எடுப்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். அதனால்தான் இவ்வளவு பதிவுகள் இருக்கின்றன. பேண்டுக்காகவே பதிவு செய்தவர்களில் பெட்டி கேன்டர் ஜாக்சனைச் சொல்ல வேண்டும், 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் அவர் எடுத்த டேப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. ஃபில்மோர் ஈஸ்ட் ஆல்பமும் அதில் இருக்கிறது. கார்னெல் இரவைத்தான் டெட் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுப்பேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எல்லா இரவும் இப்படி இருக்காது. சுருதி விலகிய பாட்டு, எங்கேயும் போய்ச் சேராத அரைமணி நேர வாசிப்பு எல்லாம் உண்டு. ஆபத்தை எடுக்காமல் அந்த நல்ல இரவுகள் வராது. 1970-இல் வந்த அவர்களுடைய இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்கள் இதற்கு விதிவிலக்கு, அவை கச்சிதமாக எழுதப்பட்ட சின்னச் சின்னப் பாட்டுகள், சேர்ந்து பாடுவதற்கென்று உட்கார்ந்து பழகியவை. அவற்றை ஸ்டுடியோவில் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

சில நேரம் பேண்ட் மாறாது, கூட்டம் வந்து பாட்டை மாற்றிவிடும். சீப் டிரிக் என்ற பேண்ட் 1977-இல் ஸ்டுடியோவில் பதிந்த ஒரு பாட்டு அமெரிக்காவில் கவனிக்கப்படாமல் போனது. 1978 ஏப்ரலில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் அதையே கொஞ்சம் வேகமாக வாசித்தார்கள், ஜப்பானியப் பெண்கள் கூட்டம் சில வரிகளின் கடைசிச் சொல்லைத் திருப்பிக் கத்தியது. ஜப்பானுக்கு மட்டும் என்று வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகி, அந்தப் பாட்டு அங்கே ஏழாம் இடம் வரை வந்தது. அந்தக் கத்தலை எடுத்துவிட்டால் பாட்டில் ஒரு கால் போய்விடும். ஜேம்ஸ் பிரவுன் இதை முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தார். ஏற்கெனவே விற்ற பாட்டுகளை மேடையில் பாடிப் பதிந்தால் யார் வாங்குவார்கள் என்று கம்பெனி முதலாளி மறுக்க, சொந்தக் காசைப் போட்டு 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் அப்பல்லோ தியேட்டரில் பதிவு செய்தார். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 66 வாரம் இருந்தது. அதில் ஒரு பாட்டு பத்து நிமிடம் தாண்டிப் போகும், பெரும்பாலும் அவருக்கும் முன் வரிசையில் கதறுகிற பெண்களுக்கும் நடக்கிற பேச்சுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லைவ் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் லைவ் இல்லை. கிஸ் பேண்டின் 1975 லைவ் ஆல்பத்தில் பின்னால் ஸ்டுடியோவில் நிறைய திருத்திச் சேர்த்ததைத் தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம் பலரிடம் உண்டு. மேடையில் சிறியதாகிவிடுகிற பெரிய பேண்டுகளும் உண்டு. பீட்டில்ஸ் 1966-இல் ரிவால்வர் ஆல்பத்தை வெளியிட்ட அதே ஆகஸ்டில் அமெரிக்காவில் கடைசிச் சுற்றுப்பயணம் போனார்கள், அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசிக்கவில்லை. கூட்டத்தின் கூச்சலில் தங்களையே கேட்க முடியாத நிலை, அந்தப் பாட்டுகளோ ஸ்டுடியோவிலேயே செய்யப்பட்டவை. ஒருவரை ஒருவர் கேட்க முடியாமல் போனதும் மேடையை விட்டுவிட்டார்கள். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, எனக்கு நெருக்கமான பெயர். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிட்டார்காரர், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று காது கிழிய மின்சாரக் கிட்டார் வாசித்துப் புகழோடு இருந்தவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டு, எல்லா மின்சாரத்தையும் அணைத்துவிட்டு சக்தியைத் தொடங்கினார். வயலினில் எல். ஷங்கர், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், முதல் ஆல்பத்தில் மட்டும் மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். அந்த முதல் ஆல்பமே ஸ்டுடியோ பதிவு கிடையாது. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் வாசித்ததை அப்படியே வெளியிட்டார்கள். 52 நிமிடத்தில் மூன்றே உருப்படிகள்.

மெக்லாஃப்லின் கிட்டாரில் பிரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நடுவே மரத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள், கம்பியை அழுத்தி இழுத்தால் கமகம் வரும். ஷங்கர் வயலினில் ஒரு பிடியைப் போட்டுவிட்டு அவரைப் பார்ப்பார், அவர் அதை வாங்கித் திருப்பிப் போடுவார். முதலில் ஒரு ஆவர்த்தனம், பிறகு பாதி, பிறகு கால், கடைசியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று சுருங்கிக்கொண்டே போகும். தனி ஆவர்த்தனத்தில் நாம் குறைப்பு என்று சொல்கிறோமே, அதேதான். ஜாகிரும் விநாயக்ராமும் அதைச் செய்யும்போது ஒன்று கவனியுங்கள். கடத்தின் வாயை வயிற்றில் ஒட்டிவைத்து வாசிக்கும்போது ஓர் ஒலி, கொஞ்சம் விலக்கினால் அடியிலிருந்து கும்மென்று வேறோர் ஒலி, அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அவர் தபலாவின் பாயாவுக்கு (இடது கையால் வாசிக்கும் பெரிய முழவு) பதில் சொல்வார். எதிராளியின் முகம் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. 1976, 1977-இல் அவர்கள் செய்த இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களில் உருப்படிகள் சின்னதாகி, குறைப்புக்கு இடமே குறைந்துபோனது. அழகான ஆல்பங்கள்தான், ஆனால் எனக்கு அவை அந்த 1975 மாலையின் குறிப்புகள் போலத்தான் கேட்கின்றன.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1997-இல் ரிமெம்பர் சக்தி என்று மீண்டும் கூடினார்கள். அடுத்த சில வருடங்களில் யு. ஸ்ரீனிவாஸ் மாண்டலினோடு வந்தார், விநாயக்ராமின் இடத்தில் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார், அப்புறம் சங்கர் மகாதேவன். அந்தக் காலத்தில் வந்த ஆல்பங்கள் எல்லாம் மேடைப் பதிவுகள். 1977-க்குப் பிறகு அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் வந்தது 2023-இல், 46 வருடம் கழித்து. கொரோனாக் காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்து தனித்தனியாக வாசித்து அனுப்பிச் சேர்த்தது, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. அந்த விருதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆல்பத்தையும் பலமுறை கேட்டுவிட்டேன். என்றாலும் வாத்தியங்கள் மாறி மாறி வாசிக்கிற இடம் வரும்போதெல்லாம் காது எதையோ தேடுகிறது. எதிரில் இருப்பவர் போட்ட பிடி எதிர்பாராததாக இருந்தால் வாங்குகிறவரிடம் ஒரு கணம் சிரிப்பு வரும், "ஆஹா" என்று யாராவது சொல்வார்கள், அந்த உற்சாகத்தில் அடுத்த பிடி இன்னும் எட்டிப்போகும். தனித்தனி ஊரிலிருந்து அது வராது. 2023-இல் ஐம்பதாம் ஆண்டு என்று உலகச் சுற்றுப்பயணம் போனார்கள், 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் போய்விட்டார்.

நீங்கள் இப்போதுதான் கேட்கத் தொடங்குகிறீர்கள் என்றால் ஃபில்மோர் ஈஸ்ட், லீட்ஸ், கார்னெல், சக்தியின் முதல் ஆல்பம் என்ற வரிசையில் போங்கள். செல்போன் ஸ்பீக்கர் வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் இருக்கிற நண்பர் வீட்டுக்கு ஒரு மாலை போய், அடிக்குரல் தரையில் உணர்கிற அளவுக்குச் சத்தம் வைத்துக் கேளுங்கள். சக்தி ஆல்பத்தில் ஜாய் என்ற முதல் உருப்படி 18 நிமிடம். முதல் தடவை கிட்டாரையும் வயலினையும் விட்டுவிட்டுக் கடத்தை மட்டும் பின்தொடருங்கள், வேகம் ஏறும்போது அது எப்போது அழுத்துகிறது, எப்போது வழி விடுகிறது என்று. இரண்டாம் தடவை மற்றவர்கள் அதை எப்படி வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.